யார் பெயரில் சம்பளம்?

நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சியின் ‘அமெரிக்கானா’ (2013) நாவல் என்றால் எல்லாருக்கும் அதன் நாயகி இஃபெமெலுதான் நினைவுக்கு வருவாள். அவளுடைய தலைமுடி, அவள் எழுதும் வலைப்பூ, கடைசியில் அவள் நைஜீரியாவுக்கே திரும்பிப் போவது. நான் அந்த நாவலைத் திரும்பத் திரும்ப எடுப்பது அவள் காதலன் ஒபின்ஸேவுக்காக. அமெரிக்க விசா கிடைக்காமல் லண்டன் வந்து, விசா முடிந்த பிறகும் தங்கி, கழிவறை கழுவி, அப்புறம் ஒரு கிடங்கில் சரக்கு இறக்கும் வேலையில் சேருகிறான். சேருவது அவன் பெயரில் இல்லை. வின்சென்ட் ஓபி என்ற இன்னொரு நைஜீரியரின் தேசியக் காப்பீட்டு எண்ணில்; பிரிட்டனில் ஒருவரின் சம்பளமும் வரியும் பதிவாவது அந்த எண்ணில்தான். சம்பளத்தில் ஒரு பங்கு வின்சென்ட்டுக்கு.

ஒருநாள் காலையில் கிடங்குக்குள் நுழைகிறான். எல்லாரும் அவனையே பார்க்கிறார்கள். வழக்கமான சத்தம் இல்லை. சரி, மாட்டிக்கொண்டோம், ஓடிவிடலாமா என்று நினைக்கிறான். அவர்கள் ‘ஹேப்பி பர்த்டே, வின்னி பாய்’ என்கிறார்கள். அன்றைக்கு வின்சென்ட்டின் பிறந்தநாள். காகிதத்தில் இருக்கிற தேதியைப் பார்த்து, கூட வேலை செய்கிறவர்கள் தீனி வாங்கிவைத்துக் காத்திருக்கிறார்கள். ஒபின்ஸேவுக்குக் கண் கலங்குகிறது. இத்தனை நாளில் முதல்முறையாக இங்கே பத்திரமாக இருக்கிறோம் என்று தோன்றுகிற அந்த நிமிடத்தில், கொண்டாடப்படுவது வேறொருவன்.

நான் கிழக்கு லண்டனில் சம்பளக் கணக்குப் போடுகிறவள். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரின் பெயரும் எண்ணும் என் மேசைக்குத்தான் வரும். இரண்டு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு எழுத்து. அது சரியாக இருந்தால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அதனால் இந்தக் காட்சியை நான் மற்றவர்களைப்போல வாசிக்கவில்லை. அந்த வின்சென்ட் ஓபியை என்னைப்போல ஒருத்திதான் பட்டியலில் ஏற்றியிருப்பாள். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு அச்சடித்து உறையில் போட்டிருப்பாள். ஒபின்ஸே என்று ஒருவன் இருந்ததே அவளுக்குத் தெரிந்திருக்காது.

புலம்பெயர்ந்தோர் நாவல்கள் பற்றி நம்மவர்கள் எழுதும்போது ‘அடையாளம்’ என்று ஆரம்பித்து நேராகச் சமையலறைக்குப் போய்விடுகிறார்கள். ஊறுகாய், சேலை, பண்டிகை. ஜும்பா லாஹிரியின் ‘தி நேம்சேக்’ (2003) பற்றி எதைப் படித்தாலும், முதல் பக்கத்தில் ஆஷிமா நிறைமாத வயிற்றோடு நின்று, அமெரிக்கக் காலை உணவுப் பொரியில் வேர்க்கடலையும் வெங்காயமும் கலந்து, கல்கத்தா நடைபாதையில் விற்பதைப்போல ஒன்றைச் செய்ய முயற்சிக்கும் காட்சி வந்துவிடும். நல்ல காட்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருந்துகொண்டு சாப்பாட்டு ஏக்கம் என்று என்னால் பெரிதாகப் புலம்ப முடியாது. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்தால் முருங்கைக்காயும் கிடைக்கும், சீரகச் சம்பாவும் கிடைக்கும். கிடைக்காதது ஒன்றுதான். ஏதாவது ஒரு கவுண்ட்டரில் என் பெயரைச் சொன்னால், அடுத்த கேள்வி வராமல் இருக்கவேண்டும். அது நடந்ததில்லை.

நேம்சேக்கில் எனக்கு முக்கியமான இடம் ஆஸ்பத்திரி. 1968, மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜ். பிள்ளை பிறந்துவிட்டது. பெயர் வைக்கவேண்டியது ஆஷிமாவின் பாட்டி. கல்கத்தாவிலிருந்து பாட்டியே தபால் நிலையத்துக்குப் போய்க் கடிதம் போட்டுவிட்டாள். கடிதம் வந்து சேரவில்லை. ஊரில் என்றால் பிரச்சினையே இல்லை. கூப்பிட ஒரு செல்லப் பெயர் இருந்தால் போதும், நல்ல பெயர் மெதுவாக வரும். இங்கே பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளையை வெளியே விடமாட்டோம் என்கிறார்கள். அவசரத்துக்கு ‘கோகோல்’ என்று எழுதிக்கொடுத்துவிட்டு வருகிறார்கள். 1961-ல் நடந்த ஒரு ரயில் விபத்தில் அந்த ரஷ்ய எழுத்தாளரின் புத்தகத்தால்தான் தகப்பன் உயிர்பிழைத்தார் என்பது பிள்ளைக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியவரும். பாட்டி எழுதியனுப்பிய பெயர் என்னவென்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. எழுதுவதற்கு ஒரு கட்டம், நிரப்புவதற்கு ஒரு கெடு, அதற்குள் வராத ஒரு கடிதம். ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதும் அதிலிருந்து கிளம்புகிறது. பெரிய பெரிய வார்த்தை எதுவும் லாஹிரிக்குத் தேவைப்படவில்லை.

அதே நாவலில் இன்னொரு இடம். ஆறாம் வகுப்பில் கோகோலை ஒரு பழைய கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். கல்லின்மேல் தாளை வைத்துக் கிரேயானால் தேய்த்தால் எழுத்து தாளில் ஏறும். நாணயத்தைத் தாளுக்கு அடியில் வைத்து நாமும் செய்திருக்கிறோம். மற்றப் பிள்ளைகள் தங்கள் குடும்பப் பெயரைத் தேடி ஓடுகிறார்கள். ஒருவன் ஸ்மித்தைக் கண்டுபிடிக்கிறான், இன்னொருத்தி வேறொன்றை. கங்குலி என்று ஒரு கல்லும் அங்கே இருக்காது என்று கோகோலுக்குத் தெரியும். அவன் வீட்டில் செத்தவர்களை எரிப்பார்கள். தன் பெயர் எந்தக் கல்லிலும் ஏறப்போவதில்லை. அவன் என்ன செய்கிறான் என்றால், இன்றைக்கு யாரும் வைக்காத, கேட்டாலே விசித்திரமான பழங்காலத்துப் பெயர்களைத் தேடித் தேடித் தேய்த்து எடுக்கிறான். அவை அவனுக்கு மிகவும் பிடித்துப்போகின்றன. வீட்டுக்குக் கொண்டுவந்தால் அம்மா பதறிப்போகிறாள். செத்தவர்கள் பெயரைச் சமையலறைச் சுவரில் ஒட்டுவதா! அவன் அவற்றைத் தூக்கிப்போட மனமில்லாமல் தன் அறையில் ஒளித்துவைக்கிறான்.

அம்மா பதறுவதும் சரி, பையன் ஒளித்துவைப்பதும் சரி. இரண்டு பேரையும் சரியாக எழுதியிருக்கிறார் லாஹிரி. புலம்பெயர்ந்த குடும்பங்களில் தலைமுறைச் சண்டை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த இடத்தைப் படித்துவிட்டு எழுதலாம்.

ஆஷிமா புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள் என்பதும் வரும். ‘என்னங்க’வில் ஆயுளைக் கழித்த எங்கள் அம்மாக்களுக்கு அதை விளக்கவே வேண்டாம்.

கங்குலிகளுக்குக் குடும்பப் பெயராவது இருக்கிறது. அது கங்கோபாத்யாய என்பதன் வெள்ளைக்கார உச்சரிப்பு என்று நாவலே சொல்கிறது. நமக்கு அந்தக் கட்டமே காலி. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னாலிருக்கும் சாதிப் பட்டத்தை விடவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எங்கள் வீட்டில் அது மெதுவாக வந்தது. தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் பட்டம் இருக்கிறது; அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் இல்லை. எனக்கு மிச்சம் ஒரே ஒரு இனிஷியல். இந்தியாவில் அது பெருமைப்படவேண்டிய விஷயம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். விமானம் ஏறினால் மட்டும் அது ஒரு குறையாகிவிடுகிறது. அமெரிக்க விசாவில் பாதிப் பெயர் காலியாக இருந்தால், முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான ‘எஃப்என்யு’ என்ற மூன்று எழுத்தைப் போட்டுக்கொடுக்கிறார்கள். எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் அங்கே மிஸ்டர் எஃப்என்யு என்று உலவுகிறார்கள்.

என் விஷயத்தில் பாஸ்போர்ட் எடுத்துக்கொடுத்த ஏஜென்ட், இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டார். ஆகவே நான் இங்கே மிஸ் மாரியப்பன். கல்யாணத்துக்குப் பிறகும் மிஸ் மாரியப்பன். டாக்டரிடம் போனால் காத்திருக்கும் கூடத்தில் ‘மாரியப்பன்!’ என்று கூப்பிடுவார்கள், நான் எழுந்து நிற்பேன். அலுவலகத்தில் செல்லமாக ‘மாரி’.

அப்பா விருதுநகரில் வத்தல் மண்டியில் கணக்கு எழுதியவர். மதுரையைத் தாண்டினால் தலைவலி வந்துவிடும் அவருக்கு. பாஸ்போர்ட் எடுத்ததே இல்லை. இதைப் போனில் சொன்னபோது கொஞ்சநேரம் சிரித்துவிட்டு, “அப்போ நானும் லண்டன்லதான் இருக்கேன்னு சொல்லு தாயி” என்றார். அவர் போய்விட்ட பிறகும் கவுன்சில் வரிக் கடிதமும் கண் பரிசோதனை அட்டையும் அவர் பெயரைத் தாங்கித்தான் வருகின்றன. ஒரு கடிதத்தைக்கூடப் பார்த்த உடனே கிழித்துப் போட முடிவதில்லை, விளம்பரமாகவே இருந்தாலும்.

இதனால்தானோ என்னவோ, இந்த வகையில் நான் வாசித்தவற்றில் எனக்கு மேலானது அப்துல்ரஸாக் குர்னாவின் ‘பை த ஸீ’ (2001). குர்னா சான்ஸிபாரில் 1948-ல் பிறந்து, 1964 புரட்சிக்குப் பிந்தைய அடக்குமுறையில் தப்பி இளைஞராக இங்கிலாந்து வந்தவர். 2021-ல் நோபல் கிடைத்தபோதுதான் நம் பக்கம் பெயர் அடிபட்டது.

கதை இதுதான். அறுபத்தைந்து வயது சாலிஹ் ஓமர் காட்விக் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார். டிக்கெட் விற்றவன் சொல்லிக்கொடுத்தபடி ஆங்கிலம் தெரியாதவர்போல நின்று, அகதி, அடைக்கலம் என்ற இரண்டு சொற்களை மட்டும் சொல்கிறார். பையைத் துழாவும் அதிகாரி கெவின் எடல்மன் ஒரு மரப்பெட்டியை எடுக்கிறான். உள்ளே ஊத்-அல்-கமாரி, விலை உயர்ந்த வாசனைப் புகை. அந்த முதியவர் ஊரிலிருந்து கொண்டுவந்ததில் பொருள் என்று சொல்ல இருப்பது அது ஒன்றுதான். அதிகாரி முகர்ந்து பார்க்கிறான், மூடுகிறான், தானே வைத்துக்கொள்கிறான். பேச்சோடு பேச்சாக, என் அப்பா அம்மாவும் ருமேனியாவிலிருந்து வந்த அகதிகள்தான் என்றும் சொல்கிறான். இந்த வயதில் உமக்கு இது எதற்கு என்கிற தொனியில் புத்தி வேறு. முதியவருக்கு அத்தனையும் புரிகிறது, புரியாத முகத்தோடு நிற்கிறார். திருடுகிறவனே அகதி வீட்டுப் பிள்ளை என்பதைக் குர்னா ஒரு வரிகூட விளக்காமல் விட்டுவிட்டுப் போகிறார். வேறொருவர் எழுதியிருந்தால் அதை வைத்து ஒரு அத்தியாயம் ஓட்டியிருப்பார்.

அவர் பாஸ்போர்ட்டில் இருப்பது சாலிஹ் ஓமர் என்ற பெயர் அல்ல. ரஜப் ஷாபான் மஹ்மூத். ஊரில் அவருக்கு ஜென்மப் பகையாயிருந்து இறந்துபோன ஆள். கடன் விவகாரத்தில் அவருடைய வீட்டையே சாலிஹ் ஓமர் எடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதற்கு வட்டியும் முதலுமாகப் பல வருஷம் சிறையில் கழித்தார். தன் பெயரில் பாஸ்போர்ட் கிடைக்க வழியில்லாமல், அந்தப் பகையாளியின் பெயரில் எடுத்து வந்திருக்கிறார். இங்கே அகதிகளுக்கு உதவும் பெண், இவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று நம்பி, அந்தப் பக்கத்து மொழி தெரிந்த ஒரு பேராசிரியரைத் தேடிப் பிடிக்கிறாள். அவர் லத்தீஃப் மஹ்மூத். இறந்துபோன ரஜப் ஷாபானின் சொந்த மகன்! தன் அப்பாவின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு கிழவர் இங்கிலாந்துக் கடற்கரை ஊரில் வந்து இறங்கியிருக்கிறார் என்று அவருக்குத் தகவல் போகிறது.

தற்செயல் கொஞ்சம் அதிகம்தான் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த மகனும் தனக்கு வைத்த இஸ்மாயில் என்ற பெயரை எப்போதோ கழற்றிப் போட்டவர். மகன் விட்டுவிட்டு வந்த அப்பாவின் பெயரைப் பகையாளி தூக்கிக்கொண்டு வருகிறான். நாவலின் பாதிக்குமேல் இரண்டு பேரும் ஒரு சின்ன வீட்டில் உட்கார்ந்து, யார் யாரை ஏமாற்றினார்கள், எந்த மேசை யாருடையது, வீடு எப்படிக் கை மாறியது என்று பேசுகிறார்கள். இரண்டு பேரின் கதையும் முழுக்க ஒத்துப்போவதில்லை. அந்த ஊரில் அப்படி உட்கார்ந்து பேசியிருக்கவே முடியாது. இங்கே, அந்த வழக்கைப் புரிந்துகொள்ள அவர்களைத் தவிர வேறு யாருமே இல்லாததால் பேச முடிகிறது. ஊர்க்காரன் என்றால் உறவு என்று சொல்லிக்கொள்கிறோம். நம் சண்டையின் முழு விவரமும் தெரிந்த ஒரே ஆள் என்பதும் ஒரு உறவுதானே.

இறந்தவர் பெயரில் கடல் கடப்பது ஈழத்தமிழர்களுக்குக் கதையே இல்லை. 2015-ல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய ‘தீபன்’ படம் அதில்தான் தொடங்குகிறது: இறந்துபோன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டில், ஒருவருக்கொருவர் யாரென்றே தெரியாத மூன்று பேர் அப்பா, அம்மா, மகளாக பிரான்ஸ் போகிறார்கள். தீபனாக நடித்த ஷோபாசக்தி, அதற்கு வெகு முன்னாலேயே 2001-ல் ‘கொரில்லா’ எழுதியவர். அகதி விண்ணப்பக் கடிதத்தை அவர் நாவலுக்குள்ளேயே கொண்டுவந்தார். அந்தக் கடிதத்தின் பணிவான நடையையும், பிற பக்கங்களில் வரும் தீவு மக்களின் பேச்சையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். அதிகாரியிடம் சொல்லும் வாழ்க்கை வேறு, வாழ்ந்த வாழ்க்கை வேறு என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

என் மகள் இங்கே பிறந்தவள். பழக்கத்தில் அவளுக்கும் அப்பா பெயரையே பின்னால் போட்டோம். ஆக ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர்: எனக்கு என் அப்பா, என் கணவருக்கு அவர் அப்பா, மகளுக்கு என் கணவர். ஒருமுறை ஊரிலிருந்து நானும் மகளும் மட்டும் திரும்பியபோது, குடியேற்ற அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, குனிந்து அவளிடம் “உன்கூட வந்திருப்பது யார்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை, பிள்ளை கடத்தலைத் தடுக்கத்தான் கேட்கிறார்கள். இவள் தூக்கக் கலக்கத்தில் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பதிலே சொல்லவில்லை. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அப்புறம் “பசிக்குதும்மா” என்று தமிழில் சொன்னாள். அவருக்குப் புரிந்தது ‘ம்மா’ மட்டும்தான் என்று நினைக்கிறேன், முத்திரை குத்திவிட்டார். அதிலிருந்து பிறப்புச் சான்றிதழ் நகல் இல்லாமல் நாங்கள் விமானம் ஏறுவதில்லை.

இந்த நாவல்களின் முடிவுகளோடு எனக்கு ஒத்துவருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆஷிமா வீட்டை விற்று, ஆறு மாதம் கல்கத்தா, ஆறு மாதம் அமெரிக்கா என்று முடிவெடுக்கிறாள். கேட்க நன்றாக இருக்கிறது, ரொம்ப அழகாகக் கட்டிய முடிச்சு. ‘அமெரிக்கானா’வில் ஒபின்ஸே நாடு கடத்தப்பட்டு லாகோஸ் போய், ஒரு பெரிய மனிதரின் தயவில் வெகு சீக்கிரம் பணக்காரன் ஆகிறான். இஃபெமெலுவும் போய்ச் சேருகிறாள், காதலும் கிடைத்துவிடுகிறது. அவ்வளவு கூர்மையாக எழுதிக்கொண்டு வந்தவர் கடைசியில் கொஞ்சம் தளர்ந்துவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு குறும்பு மட்டும் ரசித்தேன்: லண்டன் கிடங்கில் கூட வேலைபார்த்த வெள்ளைக்கார நைஜல், பிற்பாடு லாகோஸில் ஒபின்ஸேவின் கம்பெனிக்கு ஜெனரல் மேனேஜர். வெள்ளைக்காரன் ஒருவன் இருந்தால் காரியம் நடக்கும் என்று வேலைக்கு வைக்கிறார்கள்.

நாவலின் அமெரிக்கப் பகுதியில் இஃபெமெலுவும் கொஞ்சகாலம் இரவல் பெயரில்தான் வேலை தேடுகிறாள். வேலை கிடைக்காமல், மனம் வறண்டு கிடக்கும் நாளில் ஒரு கிரெடிட் கார்டு விளம்பரக் கடிதம் வருகிறது. உறையில் அவள் சொந்தப் பெயர், எழுத்துப் பிழையில்லாமல், சாய்ந்த எழுத்தில். யாரோ தன்னை அறிந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெம்பு வருகிறது. குப்பையில் போடவேண்டிய கடிதம்! எங்கள் வாசகர் குழுவில் ஒரு அண்ணன் இது மிகை என்றார். அவர் பெயரை யாரும் தப்பாக எழுதியிருக்கமாட்டார்கள்.

இப்போது எனக்கு ஆர்வம் வின்சென்ட் ஓபி மேல்தான். நாவலில் அவர் பேராசைக்காரர்: பங்கைக் கூட்டிக் கேட்கிறார், ஒபின்ஸே கொடுக்கவில்லை, கொஞ்ச நாளில் யாரோ கிடங்குக்குப் போன் செய்து காட்டிக்கொடுக்கிறார்கள். ஆனால் என் மேசையிலிருந்து பார்த்தால் அவர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு வேலையின் வருமானமும் ஒரே எண்ணில் சேரும். மொத்தம் ஒரு எல்லையைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 40 சதவீத வரி அவர் தலையில். அரசு உதவி ஏதாவது வாங்கிக்கொண்டிருந்தால் அதுவும் போச்சு. மறுபக்கம், அவருக்கு வேறு வேலை இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒபின்ஸே முதுகு ஒடியச் சுமந்த ஒவ்வொரு வருஷமும் வின்சென்ட்டின் ஓய்வூதியக் கணக்கில் ஏறும். முழு ஓய்வூதியத்துக்கு 35 வருஷம் வேண்டும். அதில் சில வருஷங்களை ஒபின்ஸே உழைத்துக் கொடுத்திருப்பான். இன்றைக்கு ஆளைச் சரிபார்க்க, வேலை அனுமதி விவரம் இணையத்தில் படத்தோடு வருகிறது. அனுமதியில்லாத ஆள் பிடிபட்டால் முதல் தடவையே முதலாளிக்கு ஒரு ஆளுக்கு 45,000 பவுண்ட் வரை அபராதம். ஆனாலும் சாப்பாடு கொண்டுவரும் பையனின் முகமும் செயலியில் தெரியும் பெயரும் பொருந்தாத இரவுகள் இந்த ஊரில் எல்லாருக்கும் பழக்கம்தான்.

பெயரை வாடகைக்கு எடுத்தவனின் கதையை அடிச்சி எழுதிவிட்டார், குர்னா எழுதிவிட்டார், ஷோபாசக்தி எழுதிவிட்டார். வாடகைக்கு விட்டவனின் கதையை எழுதி நான் இன்னும் வாசிக்கவில்லை. அவனும் ஒரு காலத்தில் பெட்டியோடு வந்து இறங்கியவன்தான். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், வாங்கிவிடுகிறேன்.